புகைவீட்டில் அந்த வாரம் யார் முறை?

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவள். கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு காலை ஏழரைக்கு ஈப்போவில் டாக்சி ஏறினேன். சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தில் உயிர் காத்தவருக்குக் கல்வெட்டு திறக்கிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர், போக மட்டும் அறுபது வெள்ளி.

"தோட்டம் எங்கம்மா இருக்கு? எல்லாம் செம்பனைதான் லா," என்றார் டிரைவர்.

"கோயில் இருக்கு தம்பி, அங்க விடுங்க."

எட்டரைக்குக் கோயில் வந்தது. ரப்பர்ப் பால்மரம் ஒன்றுகூட இல்லை, எங்கும் எண்ணெய்க்கு நட்ட செம்பனை. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளும் இல்லை. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுக் காய வைக்கும் புகைவீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கிறது.

சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்க வந்த அன்று, அந்தப் புகைவீட்டில் ஏழு பேர் வாயில் துணியை அடைத்துக்கொண்டு ஒளிந்திருந்தார்கள். தீயைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் ஈர விறகைத் தீயில் தள்ளிப் புகையைக் கிளப்பிவிட்டாள். எட்டிப் பார்த்த சிப்பாய்கள் இருமிக்கொண்டே போய்விட்டார்களாம்.

ஒன்பது மணிக்குக் கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். பாக்கியம் என்று இருந்தது. என் சிநேகிதி செல்லம்மாவின் தாயார் அவர். என் அம்மா பெயர் காமாட்சி. புகைவீட்டுத் தீ அணையக்கூடாது என்பதால் இருவரும் வாரம் மாற்றி வாரம் காவல் இருந்தார்கள். ஜப்பான்காரன் வந்தது என் அம்மாவின் வாரத்தில் என்றுதான் இத்தனை வயது வரை நம்பியிருந்தேன்.

செல்லம்மா புதுப் பட்டுச்சேலையில் முதல் வரிசையில் இருந்தாள். மாலை, போட்டோ எல்லாம் அவளுக்குத்தான். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

கல் வைத்தவர் மாணிக்கம் அண்ணன். ஒளிந்த ஏழு பேரில் ஒருவரின் மகன். கூட்டத்தில் பேச எனக்குக் கூச்சம். ஓரமாக அழைத்துக் கேட்டேன்.

"அப்பா பேரு சொன்னதில்லம்மா. புகைவீட்டுக்காரம்மா, வயித்துப்புள்ளக்காரின்னு மட்டும் சொல்வாரு. பேரு குடுத்தது செல்லம்மா."

அப்போது இரண்டு தாய்மாருமே பிள்ளைத்தாய்ச்சிகள். நானும் செல்லம்மாவும் பத்து நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள்.

நேரே அவளிடம் போனேன்.

"ஏன்டி, உங்கம்மா முறைன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ அப்ப வயித்துல இருந்த."

"நீ மட்டும் வெளியில நின்னு பாத்தியா? போடி லா!"

பசியாறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினொன்றரைக்கு நான் கிளம்பும்போது செல்லம்மா கல்லின் முன் தனியாக நின்று, அவள் அம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாக விரலால் தடவிக்கொண்டிருந்தாள். என் அம்மாவின் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டோம். விரல் வைக்க எனக்கு ஓர் எழுத்துகூட இல்லை.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். ஈர விறகுக் கதையை எனக்குச் சொன்னது யார்? அம்மா என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பாதி நாள் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் செல்லம்மா வீட்டில். பாக்கியம் அத்தை பக்கத்தில் படுத்துக் கேட்டதாகவும் இருக்கலாம்.

அந்தத் தோட்டத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதை வைத்து, அந்த வாரம் யார் முறை என்று சரிபார்த்து எழுதுங்கள். பாக்கியம் அத்தைதான் என்றால் அதையும் எழுதுங்கள். ஆனால் செல்லம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுங்கள்.