மஞ்சள் பாஸுக்கு எந்த நூலகம்?

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறிப் போட்ட மாதிரி இருக்கும். சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு எப்போதும் தகராறு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மன்றத்து ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரச் சொல்லி எங்கள் நூலகர் மேடம் ஒரு நோட்டு கொடுத்தார். கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. "தப்பையெல்லாம் நான் திருத்திக்கறேன், நீங்க நடந்ததை எழுதுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் துணிந்து உட்கார்ந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படித்தால் போதும்.

என் பெயர் அந்தோணிசாமி. ஊர் முத்தாண்டிக்குப்பம். நெய்வேலி டவுன்ஷிப்பில் சுரங்க ஊழியர்களுக்கான ஒரு மன்றத்தின் நூலகத்தில் ஹெல்பர். கான்ட்ராக்ட்.

1. துடைப்பக் குச்சி

நூலகத்துக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் கன்வேயர் கிளீனிங் பார்த்தேன். முழங்கால் போய்விட்டது. தெரிந்தவர் ஒருவர் இங்கே சேர்த்துவிட்டார். முதல் நாள் மேடம் என் கையில் சாவியைக் கொடுத்து, "காலைல ஏழு மணிக்குத் திறக்கணும், கூட்டணும், ரேக் துடைக்கணும். திரும்பி வர்ற புத்தகத்தை நம்பர் பார்த்து அடுக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான் என்றாலும் நெய்வேலித் தூசி லேசுப்பட்டதல்ல. காலையில் துடைத்த ரேக்கில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். அதனால் நான் நாள் முழுக்கப் புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். பதினாலாம் நம்பர் ரேக்கில் தடிமனாக ஒரு கப்பல் பயணக் கதை இருந்தது. அதைத் துடைக்கும்போது ஒரு நாள் திறந்து பார்த்தேன். கப்பல் புயலில் மாட்டியிருந்தது. மூடி வைக்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து துணியை ஒரு கையில் வைத்துக்கொண்டு தினமும் அரைப் பக்கம், ஒரு பக்கம் படிப்பேன். நிறுத்தின இடத்தில் ஒரு துடைப்பக் குச்சியை வைப்பேன்.

ஒருமுறை யாரோ அதை எடுத்துப்போய்விட்டார்கள். பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது குச்சி இல்லை. விட்ட பக்கத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க டிக்கெட் வேண்டும். உறுப்பினருக்குத்தான் டிக்கெட். பர்மனென்ட்காரர்கள்தான் உறுப்பினர். எனக்குக் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால், மறுநாள் போய் அதே ரேக்கைத் துடைக்க வேண்டுமே. அந்தக் கூச்சத்திலேயே ஆறு வருடம் ஓடிவிட்டது. கப்பல் பாதி தூரம்தான் போயிருந்தது.

2. ஒரே பட்டணத்தில் ஏழு

ஒரு நாள் மேடம் பெரிய இங்கிலீஷ் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மன்றத்துக் கண்காட்சிக்கு விஷயம் கிடைத்துவிட்டதாம்.

"அந்தோணி, நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி சென்னைப் பட்டணத்துல எத்தனை விதமான நூலகம் இருந்திருக்கு தெரியுமா? நம்ம மாதிரி ஒரே ரகம் இல்லங்க!"

எனக்கு நூலகம் என்றால் நூலகம்தான். அதில் என்ன ரகம் என்று நினைத்தேன். மேடம் மேஜைமேல் புத்தகத்தை விரித்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

வெள்ளைக்காரத் துரைமார் சங்கம் வைத்து நடத்திய நூலகம் ஒன்று. அதில் நாற்காலியே சிம்மாசனம் மாதிரி. கோட்டைக்குள் சிப்பாய்களுக்கு ஒரு படிப்பறை. சாராயக்கடைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று வைத்தார்களாம். கடைத்தெருவில் கதைப் புத்தகத்தை மாதச் சந்தாவுக்கு விடுகிற நூலகம். ரயில்வே பட்டறைக்காரர்களுக்கு ஒன்று. பண்டிதர்கள் குனிந்து குனிந்து படிக்கிற ஓலைச்சுவடி நூலகம். மியூசியத்தை ஒட்டி, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து படிக்கலாம் என்று ஒன்று.

ஏழாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு அறையே இல்லை. ஒரு மரப்பெட்டி. அதில் புத்தகங்களை அடுக்கி, புறப்படுகிற கப்பலில் ஏற்றிவிடுவார்கள். மாலுமிகள் கடலில் படித்துவிட்டு, திரும்பி வரும்போது பெட்டியை மாற்றிக்கொள்வார்கள்.

"கப்பல்லயே லைப்ரரிங்களா மேடம்?"

"ஆமாங்க, பெட்டி லைப்ரரி!"

"அந்தப் பொட்டிய நான் செய்யறேங்க" என்று சொல்லிவிட்டேன். ஆறு வருடத்தில் நானாக வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அதுதான். மேடமே ஆச்சரியமாகப் பார்த்தார்.

என் மாமனார் சவப்பெட்டி செய்கிறவர். அவரோடு ரம்பம் பிடித்த பழக்கம் எனக்கு உண்டு. பெட்டி மட்டுமல்ல, ஏழு மாதிரியையும் நீங்களே செய்யுங்கள் என்று மேடம் சொல்லிவிட்டார். பழைய பேக்கிங் பலகை, பிளைவுட், உடைந்த பீரோவின் கீல், எல்லாவற்றையும் சேர்த்தேன். போர்டு எழுதத் திருவதிகையிலிருந்து பெயின்டர் பாவாடை வந்தார். வாய் ஓயாத மனுஷன்.

"ஏம்பா அந்தோணி, சவப்பொட்டி செய்யிற வூட்டு மாப்ள லைப்ரரி செய்யிற. எவனாச்சும் உள்ள போயி படுத்துக்கப் போறான்."

"படுத்தா மூடிருவேன். பேசாம எழுதுய்யா."

ஒரு வாரம் பகலெல்லாம் அந்த வேலைதான். துரைமார் நூலகத்துக்குத் தூண் வைத்தேன். கடைத்தெரு நூலகத்துக்குக் கீற்று இறக்கினேன். கப்பல் பெட்டிக்கு இரண்டு பக்கமும் கயிற்றுப் பிடி போட்டேன். சாப்பாட்டுக்குப் போகவே மனம் வராது. வீட்டில் என் மனைவி லூர்துமேரி, "மனுசன் தூக்கத்துலகூட ஆணி அடிச்சிகினு கெடக்கறாரு" என்று சிரித்தாள்.

3. என் தப்பு

மாதிரிகளுக்குப் பக்கத்தில் வைக்க, மேடம் ஒரு தாளில் நூலகப் பெயரும், அங்கே யார் யார் போனார்கள் என்று இரண்டு வரியும் எழுதிக் கொடுத்திருந்தார். பெயரை மட்டும் போர்டாக எழுத வேண்டும். மற்றது அவர் வாயால் சொல்வதற்கு. எனக்கு அது புரியவில்லை.

நான் பன்னிரண்டு வருடம் கேட்டில் பாஸ் காட்டி உள்ளே போனவன். போர்டு இல்லாத வாசலை நான் பார்த்ததே இல்லை. நான் வேலை பார்த்த கேட்டில் பர்மனென்டுக்கு நீலப் பாஸ், கான்ட்ராக்டுக்கு மஞ்சள் பாஸ், விசிட்டருக்குச் சிவப்புப் பாஸ். எந்த பிளாக்கில் எந்தப் பாஸ் போகும் என்று வாசலிலேயே அந்தக் கலரில் வட்டம் போட்டிருக்கும். அதனால் யார் உள்ளே போகலாம் என்று மேடம் எழுதித் தந்தது வாசலில் மாட்டத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

துரைமார் நூலகத்தில் நீல வட்டம் மட்டும். கதவில் நிஜப் பூட்டு. சிப்பாய் படிப்பறையிலும் ரயில்வேயிலும் நீலம்தான். அந்தந்த வேலைக்காரருக்கு மட்டும். சந்தாக் கடையில் சிவப்பு. காசு கட்டினால் யாரும் விசிட்டர். ஓலைச்சுவடிக்கு, பண்டிதர் என்றால் நீலம், சிபாரிசோடு வந்தால் சிவப்பு. கப்பல் பெட்டிக்கு மாலுமிகள். அவர்களை ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகத்தான் வேலைக்கு எடுப்பார்கள், அதனால் மஞ்சள். மியூசியத்தை ஒட்டினதில் மூன்று வட்டமும்.

பாவாடை பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "செத்துப்போன ஆளுங்களுக்கெல்லாம் கேட் பாஸ் போடறியே, செக்யூரிட்டி யாரு, எமனா?"

"மேடம் எழுதிக் குடுத்துகிறாங்க. நீ எழுது."

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் மேடம் வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன அந்தோணி இது? அந்தக் காலத்துல ஏதுங்க மஞ்சப் பாஸ்? நாளைக்குச் செயலாளர் வர்றார். படிச்சவங்க வருவாங்க. சிரிக்க மாட்டாங்களா?"

பாவாடை ஊருக்குப் போய்விட்டார். அழிக்கலாம் என்றால் பெயரும் அதே தகரத்தில்தான் இருக்கிறது. மேடம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "சரி, இருக்கட்டும். ஆனா ஒண்ணு, போர்டு எழுதுனது நீங்க. யாராவது கேட்டா நீங்களே பக்கத்துல நின்னு சொல்லணும்" என்றார்.

நாலு பேர் பார்த்தால் எச்சில் முழுங்குகிறவன் நான். அதற்குப் பதில் கன்வேயருக்கே திரும்பப் போகச் சொல்லியிருக்கலாம்.

4. கூட்டம்

காலையில் முதலில் வந்தவர்கள் ஜெனரல் ஷிப்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த மூன்று கான்ட்ராக்ட் ஆட்கள். கழுத்தில் பாஸ் தொங்கியது. ஒருவர் போர்டைப் பார்த்தார், தன் பாஸைப் பார்த்தார்.

"டேய், இங்க வாடா! நம்ம மஞ்சளு தொரை வூட்டுல போவாதாம்டா!"

"அடப்பாவி, பூட்டே போட்டு வச்சிகிறான் பாரு!"

"இதுல போவுது பாரு, பொட்டி. ஏங்க, இது இன்னா பொட்டி?"

என்னைத்தான் கேட்டார். கப்பல் பெட்டி ஆயிற்றே! நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கப்பல், மாலுமி, பெட்டி மாற்றுவது எல்லாம் தானாக வந்தது. பின்னால் வந்தவர்களும் பாஸைக் கையில் பிடித்துக்கொண்டே சுற்றினார்கள். குடும்பத்தோடு வந்தவர்கள், "உங்கப்பா இதுல போலாம், உன் சித்தப்பா போக முடியாது" என்று சண்டை போட்டார்கள். துரைமார் கதவுப் பூட்டை ஆட்டிப் பார்க்காதவர் இல்லை. பத்து மணிக்கெல்லாம் உள்ளே நிற்க இடமில்லை. மேடம் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார்.

சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒரு டீச்சர், "பொம்பளைங்க எதுல போலாங்க? ஒரு வட்டமும் காணமே" என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. மேடம் ஓடிப்போய் அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினார். சந்தா நூலகத்துக்கு ஆள் அனுப்பிப் பெண்கள் கதைப் புத்தகம் வாங்கிப் படித்ததாக அதில் இருந்ததாம். அதைச் சத்தமாகப் படித்தார். "அப்பவும் வாசல்லதான் நின்னோமா!" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு மன்றச் செயலாளர் வந்தார். கூட்டத்தைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். ஒவ்வொரு போர்டாகப் படித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நல்லாருக்கே! யோசனை உங்களுதா? சரி, உங்க பாஸ் என்ன கலரு?"

"மஞ்சளுங்க. இப்ப பாஸ் இல்லீங்க, ஆனா கான்ட்ராக்டுதான்."

"அப்ப இந்த ஏழுல எதுல போவீங்க?"

"பொட்டியிலயும் மியூசியத்துலயும் போவலாங்க."

"நம்ம லைப்ரரில?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் எப்போதும் போலச் சிரித்துத் தலையாட்டியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பேசிப் பேசி வாய்க்குக் கூச்சம் விட்டுப்போயிருந்தது.

"தொடைக்க உள்ள போவலாங்க. எடுத்துகினு போவ முடியாதுங்க."

செயலாளர் மறுபடியும் போர்டைப் பார்த்தார். "ம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

5. சாவி

அடுத்த பத்து நாளும் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். லூர்துமேரி, "பொய்யா சொன்ன? நடக்கறது நடக்கட்டும்" என்றாள். பதினாலாம் நம்பர் ரேக்குக்குப் போனாலும் புத்தகத்தைத் திறக்கவில்லை. மேலே மட்டும் துடைத்தேன்.

மன்றக் கமிட்டி கூடியது. டீ கொண்டுபோய் வைக்கிற வேலை என்னுடையது. கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கும் டிக்கெட் தரலாமா என்று மேடம் எழுதிக் கொடுத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் தம்ளரை வைத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சொன்னார்.

"குடுக்கறதுல ஆட்சேபணை இல்ல மேடம். இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குக் கான்ட்ராக்ட் முடிஞ்சு போயிடுவாங்க. புத்தகம் திரும்பி வருமா? யார் பொறுப்பு?"

மேடம் குரலை உயர்த்தவே இல்லை.

"சார், ஆறு வருஷமா இந்த லைப்ரரி சாவி அவர் இடுப்புலதான் இருக்கு. தினமும் காலைல ரெண்டு மணி நேரம் எல்லாப் புத்தகமும் அவரும் தனியாத்தான் இருக்காங்க. ஒரு புத்தகம் குறைஞ்சிருக்கான்னு ஸ்டாக் ரிஜிஸ்டர் கொண்டு வரட்டுமா?"

செயலாளர்தான் முதலில் சிரித்தார். "ரிஜிஸ்டர் வேணாம். ஒரு டீ குடுங்க அந்தோணி" என்றார்.

அந்த மாதமே டிக்கெட் வந்தது. முதல் டிக்கெட் என் பெயருக்கு. நான் எடுத்த புத்தகம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. மேடம் சீல் குத்தப் பிரித்தபோது குச்சி வைத்த பக்கமே விரிந்து, குச்சி கீழே விழுந்தது. அவரே எடுத்து, கேள்வி எதுவும் கேட்காமல், திரும்ப அதே பக்கத்தில் வைத்துக் கொடுத்தார். வீட்டில் லூர்துமேரி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "வந்துட்டுதா உன் கப்பலு?" என்றாள். எட்டு நாளில் முடித்தேன். கப்பல் கரை சேர்ந்தது.

இப்போது எங்கள் நூலக வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. பாவாடை எழுதினார், நான் மாட்டினேன். மூன்று வட்டமும் உண்டு. டீச்சர் கேட்டதற்காக, கீழே "பெண்கள், அனைவரும்" என்று மேடம் ஒரு வரி சேர்த்தார். கப்பல் பெட்டியையும் தூக்கிப் போடவில்லை. அதில் இருபது புத்தகம் அடுக்கி, ஷிப்ட் ஆட்கள் ஓய்வெடுக்கும் ஷெட்டுக்கு மாதம் ஒரு தடவை நானே சைக்கிளில் கொண்டுபோய் மாற்றுகிறேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். நான் ஆறு வருடம் ஒரு வாசலில் இல்லாத போர்டை நானே படித்துக்கொண்டு வெளியே நின்றேன். நீங்கள் நிற்காதீர்கள். முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அந்தோணிசாமி
20-8-2017, ஞாயிற்றுக்கிழமை