மெஷின் நம்பாத அண்ணாச்சி

போன செவ்வாய்க்கிழமை ஒரு மெஷின் எங்கள் அண்ணாச்சியை நம்ப மறுத்துவிட்டது.

அண்ணாச்சிக்குத் தாராவியில் பெல்ட் பட்டறை. முப்பது வருஷமாக மிஷினை மிதித்து லெதரில் ஓட்டை போடுகிறார். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் முற்றி வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு ஆறு வருஷம் முன்னால் லேசர் வைத்தார்கள். இப்போது கண் ஆஸ்பத்திரியில் செக்கப். துணைக்குச் செம்பூரிலிருந்து நான்.

கண்ணின் பார்வை எவ்வளவு தூரம் விரிகிறது என்று ஒரு டெஸ்ட். கிண்ணம் மாதிரி ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கணும். அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும். தெரிந்தால் பட்டனை அமுக்கணும். தெரியாவிட்டால் சும்மா இருக்கணும்.

பட்டறைக்காரரால் சும்மா இருக்க முடியுமா? டக்... டக்... டக்... இஞ்சுக்கு ஒரு ஓட்டை என்கிற கணக்கில் அமுக்கித் தள்ளினார்.

டெஸ்ட் எடுத்த பெண் பேப்பரோடு வந்தாள். "காகா, லைட்டே வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க. இந்த ரிப்போர்ட்டை நம்பக் கூடாதுன்னு மெஷினே சொல்லுது" என்றாள், இந்தியில். காகா என்றால் சித்தப்பா.

"ஏன் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்தினார். "மார்க் குறைஞ்சா மிஷின்ல உக்காரக் கூடாதுன்னுருவாவ தம்பி. பெறவு பட்டறையில நான் யாரு?"

மறுபடி டெஸ்ட் — இந்தத் தடவை நேர்மையாக. நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒரு டக். அப்புறம் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டக்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதாம். சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாதாம். நடுவில் சின்ன ஜன்னல் அளவுக்குப் பார்வை மிச்சம்.

"அப்போ போனது திரும்பாதா?" என்றார் அண்ணாச்சி.

"திரும்பாது காகா. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் லேசர். அது தன் வேலையைச் செஞ்சிருக்கு. ஓட்டை போடுற மிஷின் மட்டும் இனி வேண்டாம். பக்கவாட்டுல தெரியல... விரல் போயிடும்."

வைத்தியம் என்றால் முன்னைவிட நன்றாக ஆகணும் நமக்கு. இருக்கிறது இருக்கிறபடியே இருப்பதற்கு யாராவது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோமா? கிளாக்கோமாவில் அதற்குத்தான் உடைக்கணும்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நீட்டினார்.

"நேத்து நான் போட்டது. இதான் கடைசி. அஞ்சு ஓட்டையும் நேரா இருக்கா தம்பி?"

மூன்றாவது ஓட்டை நன்றாகவே விலகியிருந்தது.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

வெளிச்சம் வராமலே நானும் ஒரு தடவை பட்டனை அமுக்கினேன்.