நாலு மணி என்றால் நாலு மணி

எங்கள் பெரியப்பா இங்கிலாந்தின் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்து சிட்னியில் காலமானார். இடையில் பிரிட்டிஷ் இராணுவத்தில் கப்டனாகவும், பின்னர் பொலிஸ் அத்தியட்சகராகவும் இருந்தார். யாழ்ப்பாணத்துத் தாதியான பெரியம்மாவை மணந்ததால் கிடைத்த உறவினரைச் சமாளித்ததே தன் ஆகக் கடினமான பணி என்பார். அந்த உறவினர் நாங்கள்தான்.

ஆறு மணிக்கு விழா என்றால் ஐந்தே முக்காலுக்கு மண்டபத்தில் நிற்பார். ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். தானே கதிரைகளை அடுக்குவார். தொலைபேசியில் யாராவது "வாறன் அங்கிள்" என்றால், பழகிய தமிழில் விசாரணை தொடங்கும்: "வாறன் எண்டால் எத்தனை மணி?"

பதக்கங்களைப் பற்றி அவர் பேசியதில்லை. போரில் நடந்த ஒன்றை மட்டும் ஒருமுறை சொன்னார். காயப்பட்ட சிப்பாய் ஒருவனிடம் அவருடைய வாகனம் பத்து நிமிடம் பிந்திப் போனது. "அவன் தனியச் செத்தவன்" என்றார். பிறகு தேத்தண்ணீரைக் குடித்தார். நான் பகிடி விடாத மிகச் சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

பிள்ளைகள் இல்லாத அவருக்கு மகனாக நான் இருந்தேன். தெரிவுக்கு வேறு ஆள் இருக்கவில்லை.

அன்று ஞாயிறு. ஆஸ்பத்திரியில் இருந்த பெரியப்பாவைச் செவ்வாய் வீட்டுக்கு விடுவோம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். காலையில் நான் அவரோடு தொலைபேசியில் பேசினேன்.

"பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன், பெரியப்பா."

"எத்தனை மணி?"

"நாலு."

போகும் வழியில் ஒரு பிறந்தநாள் விழாவில் முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போக நினைத்தேன். முகத்தோடு வயிறும் கூட வந்திருந்தது. குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த தங்கள் வீட்டில் பெரியம்மா மூன்று மணியிலிருந்து வெளிக்கிட்டு, கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார். "போவமே, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலு நாற்பது. பெரியப்பா நாலரைக்குக் காலமாகியிருந்தார். காரை நிறுத்திய இடத்தில் சீட்டு எடுக்கவில்லையே என்பதுதான் என் நினைவுக்கு வந்தது. அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

இறுதிக்கிரியை பத்து மணிக்கு என்று அறிவித்தோம். நான் எட்டரைக்கே போய்க் கதிரைகளை அடுக்கினேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க ஒரு கதிரையும் மிச்சமில்லை. பெரியம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இண்டைக்கு நேரத்துக்கு வந்திட்டாய்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

நேரத்துக்கு வந்த உங்கள் எல்லோருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று கடைசிவரை பெரியப்பாவின் கையைப் பிடித்திருந்த தாதிக்கும் நன்றி. நாலு மணிக்குப் பிறகு அவர் இரண்டு தரம் நேரம் கேட்டாராம். இன்னும் நாலாகவில்லை என்று அந்தப் பிள்ளை இரண்டு தரமும் சொன்னாராம்.