மூணு கொம்பு மொகம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை யாரிடமும் கைநீட்டாமல் வளர்த்து ஆளாக்கினவள். ஆனாலும் பினாயில் வாடை மூக்கில் பட்டால், இன்றைக்கும் ஆஸ்பத்திரிச் சன்னலுக்குக் கீழே நின்று கத்திய சிறுமியாகிவிடுகிறேன்.

காஜா பெராங் என்ற ஊரில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் பள்ளிக்குப் போனவன் அண்ணன் மட்டும்தான். அங்கே படத்தில் பார்த்த டைனோசர்களின் பெயர்களை எனக்குப் பிரித்துச் சொல்வான். எல்லாம் கிரேக்க பாஷையாம். 'ஸ்டெகோ' கூரை, 'சோரஸ்' பல்லி. 'ட்ரை' மூன்று, 'கெராஸ்' கொம்பு, 'ஆப்ஸ்' முகம். 'டெரோடாக்டைல்' என்று பறக்கிற ஒன்று, அதன் முன்னால் இருக்கும் 'பி' எழுத்தை "அது சும்மா ஒக்காந்திருக்கு, நீ கூப்பிடாதே" என்பான். சேர்த்துச் சொல்ல என் நாக்கு புரளாது. அதனால் நான் அர்த்தத்தைச் சொல்ல, அவன் பெயரைச் சொல்வான். "கூரைப் பல்லி" என்று அடுப்படியிலிருந்து நான் கூவினால், கிணற்றடியிலிருந்து "ஸ்டெகோசோரஸ்" என்று வரும்.

ஊரெல்லாம் மெர்டேக்கா என்று சுதந்திரப் பேச்சாக இருந்த சமயத்தில் அவனுக்குத் 'தொண்டை அடைப்பான்' கண்டது. ஒட்டுகிற நோய் என்று வார்டுக்குள் எங்களை விடவில்லை. அம்மா கேட்டருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சுவரோரமாகப் போய் அவன் சன்னலைக் கண்டுபிடித்து, "கூரைப் பல்லி" என்றேன். கம்மிய குரலில் பெயர் வந்தது. மறுநாள் பாதிதான் வந்தது. அதற்கடுத்த நாள் ஒன்றுமே இல்லை. அன்று காலைதான் அதே வார்டிலிருந்து பக்கத்து ஊர்த் தெங்கேராப் பையன் ஒருவனை வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிப் போயிருந்தார்கள். அண்ணனும் போய்விட்டான், பெரியவர்கள் மறைக்கிறார்கள் என்றே முடிவு கட்டி, தெரிந்த பல்லிகளையெல்லாம் மாற்றி மாற்றிக் கத்தினேன்.

காவலுக்கு நின்ற 'ஜாகா' விரட்ட வந்தார். "ஊரே மெர்டேக்கான்னு கத்துது, நீ என்னா பாப்பா பல்லி பல்லின்னு கத்துற? போ லா."

நான் நகரவில்லை. "மூணு கொம்பு மொகம்" என்றேன், அழுகையோடு.

சன்னல் திறந்தது. நர்ஸ் 'மிஸ்ஸி' ஒருத்தி அவனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மூச்சுக்காகக் கழுத்தில் குழாய் செருகியிருந்தது. குரல் வர வழியில்லை. அவன் மூன்று விரலை நெற்றியில் கொம்பாக வைத்துக் காட்டினான்.

ஏன் மற்றதற்கெல்லாம் பதில் தரவில்லை என்று பின்னால் கேட்டேன். "கூரையை வெரலால எப்படிக் காட்டுறது, கழுத?" என்றான். பிழைத்தான், ஆனால் குரல் கடைசிவரை கரகரத்தே இருந்தது. போன வருடம் அதுவும் அடங்கிவிட்டது. அந்த வார்டை இடித்துக் கார் நிறுத்துகிறார்கள். அர்த்தமெல்லாம் என்னிடம் கிடக்கிறது, பெயர் சொல்லத்தான் ஆள் இல்லை.

எழுத்துக் கூட்டி இவ்வளவு எழுதிவிட்டேன். பேத்தி, இதை எனக்கு வாசித்துக் காட்டு. சன்னலுக்குக் கீழே நான் கடைசியாகக் கத்துகிற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, அவன் அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன அந்தப் பெயரை நீ சத்தமாகச் சொல்லு.