வாசிக்காமல் வைத்த ஒப்பம்

மில் ஹாஜியார் பொய் சொன்னார்.

சென்ற வருடம் ராத்தாவின் மையித்து வீட்டு முற்றத்தில், பத்துப் பதினைந்து பேர் சுற்றி இருக்க, அவர் சொன்ன வார்த்தை இது: "அவ பொத்துவிலுக்கு மாற்றம் கேட்டுத்தான் போனா. கடல் காத்து உடம்புக்கு நல்லம் என்டு சொல்லித்தான் போனா." அப்போது என் கையில் கபன் துணி இருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கல்லெறிந்தால் கடலில் விழும். இங்கே இல்லாத கடல் காற்று பொத்துவிலில் மட்டும் எப்படி வீசுகிறது என்று அங்கிருந்த ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

ராத்தாவுக்கு வருடக் கத்தம் ஓதி, ஒரு நினைவு மலரும் போடுகிறோம். இப்போது என் கை சும்மா இருக்கிறது. எழுதுகிறேன்.

நான் ராத்தாவின் ஒரே தம்பி. கல்முனையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். மற்றவர்கள் எழுதியதைக் கோர்த்துப் பழகியவனுக்கு அலங்காரமாக எழுத வராது. அலங்காரம் வேண்டியவர்கள் இந்த மலரில் அடுத்த கட்டுரைக்குப் போகலாம். அதை ராத்தா படிப்பித்த கல்லூரியின் அதிபர் எழுதியிருக்கிறார். ராத்தா சாந்தமானவர் என்று அதில் இருக்கிறது. அதிபரோடு அவர் அதிகம் பேசவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

ராத்தா சாய்ந்தமருதில் பிறந்தார். வாப்பா கரைவலைக்குப் போனார். உம்மா பாய் இழைத்தார். வீட்டில் குர்ஆனைத் தவிர வேறு புத்தகம் இருக்கவில்லை. கடையில் சாமான் சுற்றித் தரும் பத்திரிகைத் துண்டுகளை ராத்தா நீவி எடுத்து வாசிப்பார். கதை பாதியில் கிழிந்திருந்தால் மீதியை அவரே உண்டாக்கி எனக்குச் சொல்வார். அவர் சொன்ன எல்லாக் கதைகளிலும் பணக்காரன் கடைசியில் கிணற்றில் விழுவான். விளக்கு வெளிச்சத்தில் படித்து, ஆசிரியர் கலாசாலைக்குப் போய், பிறகு வெளிவாரியாகப் பட்டமும் எடுத்தார். நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டார். எழுபதுகளின் கடைசியில் எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கத் தொடங்கினார். அந்த வகுப்புத்தான் அவருடைய உயிர். வீட்டில் சோறு அடிப்பிடித்தால் கவலைப்பட மாட்டார். வகுப்பில் ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

ஒரு நாள், மொழிதான் ஆளை ஆளாக்குகிறது, அதே மொழி ஆளை மறைத்தும் விடுகிறது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அப்படியே கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார்கள். ராத்தாவுக்குக் கோபம் வந்தது. "எழுதாதீங்க. யோசிங்க!" ஒருவருக்கும் விளங்கவில்லை. மறுநாள், ஊரை அழைக்க அச்சடித்த தன் கலியாணக் கடிதத்தைக் கொண்டுபோய் மேசையில் போட்டார்.

"இது என்ட கலியாணக் கடிதம். இதில நான் எங்க இரிக்கன் என்டு கண்டுபிடிங்க."

பிள்ளைகள் தேடினார்கள். மச்சானின் பெயர் இருந்தது. அவருடைய உத்தியோகம் இருந்தது. அவருடைய வாப்பாவும் மூத்தவாப்பாவும் பட்டங்களோடு இருந்தார்கள். அக்கரைப்பற்றில் புடவைக் கடை வைத்திருந்த மாமா கூட இருந்தார். கடைசியில் ஒரு பொடியன் எழும்பினான்.

"டீச்சர், 'சிரேஷ்ட புத்திரி' என்டு ஒரு ஆள் இரிக்கா. அவவா நீங்க?"

"நானேதான்."

"உங்கட பேர் அது இல்லயே?"

"அதத்தான் நானும் கேக்கன். உங்கட வீட்ட யாரையும் 'புத்திரி' என்டு கூப்புடுறாங்களா?"

"எங்கட வீட்ட 'கழுத' என்டுதான் டீச்சர் கூப்புடுற" என்றாள் ஒரு பிள்ளை.

வகுப்பே சிரித்ததாம். ராத்தா சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டுச் சொல்லியிருக்கிறார்: "பாத்தீங்களா? கழுத என்டாலும் அதில ஒரு ஆள் இரிக்கி. புத்திரி என்டதில ஆளே இல்ல. நாம கதைக்காத பாஷையில நம்மட சந்தோசத்த எழுதுறம். அத வாசிச்சு வாசிச்சு, பொண்ணுக்குப் பேர் தேவையில்ல என்டு ஊரும் பழகிட்டுது. பெரிய பெரிய கவிதையும் இதத்தான் செய்யும், கலியாணக் கடிதமும் இதத்தான் செய்யும்."

"டீச்சர், இது சோதினைக்கு வருமா?"

"சோதினைக்கு வராது. உனக்குக் கலியாணம் வரும்தானே?"

ஒவ்வொருவரும் தன் கலியாணக் கடிதத்தைத் தன் வீட்டுப் பேச்சில் எழுதிவர வேண்டும், பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். அதுதான் அன்றைய வீட்டு வேலை.

அந்த வகுப்பில் ஊர் அரிசி மில்லின் சொந்தக்காரரான ஹாஜியாரின் இளைய மகள் றிஸ்மியாவும் படித்தார். நிந்தவூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பகுதியில் கலியாணக் கடிதத்தை யாரும் எழுதுவதில்லை. மூத்த மகளின் கடிதத்தை எடுத்து, மாப்பிள்ளையின் பேரையும் திகதியையும் வெட்டி மாற்றி அச்சகத்துக்கு அனுப்புவார்கள். ஹாஜியாரும் அப்படித்தான் வெட்டினார். வெட்டியதில் கடிதம் அசிங்கமாகிவிட்டது. மகளிடம் கொடுத்து, "நீ ஏ.எல். படிக்கிற புள்ளதானே, வடிவா எழுதித் தா" என்றார். மகள் வடிவாக எழுதினார். ஆனால் ராத்தாவின் வகுப்பில் எழுதியதை எழுதினார். ஒளித்து மறைத்து ஒன்றும் செய்யவில்லை. வாப்பாவின் முன்னால் மேசையில் வைத்தார். ஹாஜியார் எழுத்தின் அழகைப் பார்த்துச் சந்தோசப்பட்டு அடியில் ஒப்பம் வைத்தார்.

அந்தத் தாள் கோர்க்க எனக்கு வந்தது. மேலே திகதியும் நேரமும், கீழே இது. இன்றுவரை மறக்கவில்லை:

"எங்கட மகள் றிஸ்மியாவுக்குக் கலியாணம். அவவிட்டயும் கேட்டம். ரெண்டு நாள் யோசிச்சிட்டு ஓம் என்டு சொன்னா. எல்லாரும் வாங்க. பிள்ளைகளையும் கூட்டிக்கு வாங்க. ஒரு சோத்துச் சகனுக்கு ஆறு பேர்தான். ஏழாவது ஆளா வந்து குந்தாதீங்க, வேற சகன் வரும். சாப்பாட்டுக்கு மட்டும் வாறவங்களும் பொண்ணுக்கு துஆச் செய்யிங்க."

அச்சக முதலாளியிடம் காட்டினேன். அவர் தாளின் அடியை மட்டும் பார்த்தார். "ஒப்பம் இரிக்கா? இரிக்கி. கோர்." கோர்த்தேன். புரூப் எடுத்து மில்லுக்கு அனுப்பினோம். அதிலும் ஒப்பம் வைத்து, "மிக நன்று" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஹாஜியார் நல்ல மனிதராகிவிட்டார் என்று நான் நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

கடிதங்கள் ஊரெல்லாம் போயின. நாலு நாள் ஒரு சத்தமும் இல்லை. ஏனென்றால் ஒருவரும் வாசிக்கவில்லை. திகதியைப் பார்ப்பார்கள், சாப்பாடு பகலிலா என்று பார்ப்பார்கள், அலுமாரிக் கண்ணாடியில் செருகிவிடுவார்கள். வாசித்தது ஒரே ஒருவர்தான். மாப்பிள்ளையின் வாப்பாவுக்குக் கண் மங்கல். அதனால் மூத்த மருமகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் கல்முனைச் சந்தையில் ஹாஜியாரைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"என்ன சம்பந்தி, உங்கட மகள் ரெண்டு நாள் யோசிச்சாவாமே? எங்கட பொடியன் ஒரு நிமிசம் கூட யோசிக்கல்ல!"

"யாரு யோசிச்ச?"

"கடிதத்தில போட்டிரிக்கே. அந்த ஏழாவது ஆள் ஆரு, நானா?"

அதற்குப் பிறகுதான் ஹாஜியார் தன் மகளின் கலியாணக் கடிதத்தை வாசித்தார். வாசித்த கையோடு அச்சகத்துக்கு வந்தார். முதலாளி அவர் ஒப்பம் வைத்த தாளையும் புரூப்பையும் காட்டினார். ஹாஜியார் இரண்டையும் மடித்துச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். மகளுக்குத் தமிழ் படிப்பிப்பது யார் என்று அவருக்குத் தெரியும். அங்கிருந்து நேரே கல்லூரிக்குப் போனார்.

"புள்ளைகளுக்கு நீங்க என்ன படிப்பிக்கிற?" என்று வகுப்பு வாசலில் நின்று கத்தினார்.

"வாசிக்கப் படிப்பிக்கன் ஹாஜியார்" என்றார் ராத்தா. "பெரியாக்களுக்கும் ஒரு வகுப்பு வெச்சா நீங்களும் வரலாம்."

ராத்தாவின் மாற்றம் அந்த இடத்தில் தீர்மானமாகிவிட்டது.

ஹாஜியார் பழைய மாதிரியில் இரண்டாவது கடிதம் அடித்தார். அதையும் நான்தான் கோர்த்தேன். அது போய்ச் சேர்ந்ததும் ஊருக்கு வேறு சந்தேகம். முதல் கடிதத்தில் றிஸ்மியா, இரண்டாவதில் கனிஷ்ட புத்திரி. ஹாஜியார் இரண்டு மகள்மாரை ஒரே நாளில் கொடுக்கிறார் என்று பொத்துவில் சொந்தக்காரர்கள் இரண்டு அன்பளிப்புப் பொதியோடு வந்து இறங்கினார்கள்.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. ராத்தாவுக்கு எதிராக ஹாஜியார் போட்ட பெட்டிசமும் நல்லபடியாக நடந்தது. உயர்தர மாணவர்களுக்கு அடுப்படிப் பாஷை கற்பித்தது, கண்ணியமான வழக்கத்தைக் கெடுத்தது, பெண் பிள்ளைகளைத் தங்கள் பெயரை வீதியில் விளம்பரம் செய்யத் தூண்டியது என்று மூன்று குற்றச்சாட்டு. கீழே ஒன்றரைப் பக்கம் ஒப்பம்.

விசாரணைக்கு நானும் ராத்தாவோடு கல்விக் கந்தோருக்குப் போனேன். உள்ளே அவர் மட்டும் போனார். கடிதம் யாருடையது என்று கேட்டார்களாம். "என்ட வகுப்பில எழுதின பயிற்சி. பொறுப்பு என்ட" என்றாராம். றிஸ்மியாவின் பெயரை அவர் சொல்லவில்லை. பிறகு ஒப்பங்களைப் பார்க்கக் கேட்டிருக்கிறார். வெளியே வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தம்பி, நீ போன மாசம் எதிலயும் ஒப்பம் வெச்ச?"

"ஓம் ராத்தா. மஃரிபு தொழுதுட்டு வரக்கொள்ள பள்ளி வாசல்ல ஒரு தாள் தந்தாங்க. றோட்டு லைட்டுக்கு என்டாங்க."

"வாசிச்ச?"

"இருட்டு ராத்தா. லைட்டு இல்லயே."

ராத்தா சிரித்தார். கந்தோர்ப் பியோன் ஓடிவந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பெட்டிசத்தில் பதினேழாவது ஒப்பம் என்னுடையது. சிரித்து முடித்தபின், பொத்துவிலுக்குப் பஸ் ஏறும் நாள்வரை அவர் என்னோடு பேசவில்லை.

அது மட்டுமல்ல. ஹாஜியார் இரண்டு முறை ஒப்பம் வைத்ததை நான் அன்றே உள்ளே போய் விசாரணையில் சொல்லியிருக்கலாம். முந்தின நாள் முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்: "மனே, உனக்கு வேல வேணுமா, ராத்தாட நியாயம் வேணுமா?" எனக்கு இரண்டு பிள்ளைகள். வேலை வேண்டும் என்றேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மூன்று வருடம் ராத்தா பொத்துவிலில் இருந்தார். வார முடிவில் வந்து போவார். விநாயகபுரம் வரை பஸ்ஸில் ஆட்கள் இருப்பார்கள், அதற்கு அப்பால் ராத்தாவும் மீன் கூடைகளும்தான் என்று சொல்வார். வீட்டில் மச்சான் சோறாக்கிப் பழகினார். அந்தச் சோற்றை நானும் தின்றிருக்கிறேன், அதற்கான பழியும் ஹாஜியாரைத்தான் சேரும். பொத்துவிலில் மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். ஒரு தகப்பன் முறைப்பாட்டோடு வந்தாராம்: "டீச்சர், என்ட மகள மீன் வாங்க அனுப்பினா கடைப் பலகையெல்லாம் வாசிச்சிக்கு நிக்காள். வீட்ட உல கொதிச்சி வத்திப் போகுது."

திரும்பி வந்தபோது, அப்போதிருந்த அதிபர் உயர்தர வகுப்பைக் கொடுக்கவில்லை.

"மேலால வேணாம் என்டு சொல்லியிரிக்காங்க டீச்சர்."

"மேலால என்டா ஆரு? அல்லாஹ்வா?"

"இல்ல டீச்சர். கொஞ்சம் கீழால."

ராத்தா ஆறாம் வகுப்புக்குப் போனார். கடைசிவரை ஆறாம் வகுப்புத்தான். உயர்தர வகுப்புக் கட்டடத்தின் பக்கமாக நடக்காமல் மைதானத்தைச் சுற்றிப் போவார். வெயிலில் ஏன் சுற்றுகிறீர்கள் என்று கேட்டால், சீனி வருத்தத்துக்கு நடக்க வேண்டும் என்பார். அப்போது அவருக்குச் சீனி வருத்தமே இருக்கவில்லை. அது பிறகுதான் வந்தது. வந்தது காலில் பிடித்தது. ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக்கு ஒப்பம் கேட்டுத் தாள் தந்தார்கள். ராத்தா கண்ணாடியைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கமும் வாசித்தார். தாதிக்கு அவசரம்.

"கெதியா வைங்க உம்மா, எல்லாரும் வைக்கிறதுதானே?"

"வாசிக்காம ஒப்பம் வைக்கிற ஆள் எங்கட குடும்பத்தில ஒராள்தான்" என்றார் ராத்தா. "அவர் அந்தா நிக்கார்."

அவ்வளவு வருடத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். பத்து நாளில் மௌத்தானார்.

நன்றி சொல்ல வேண்டும். மூன்று வருடம் ராத்தாவைத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு கொடுத்த பொத்துவில் குடும்பத்துக்கு நன்றி. ஆஸ்பத்திரி வாசலில் பாயைப் போட்டுக் கிடந்த மச்சானுக்கு நன்றி. மையித்தைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிய பழைய மாணவர்களுக்கு நன்றி. அவர்களில் சிலர் கொட்டாவி விட்டவர்கள். இந்த மலருக்குக் கடதாசி தந்த எங்கள் முதலாளிக்கு நன்றி. அவர் இதை வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் தந்திருக்க மாட்டார். றிஸ்மியாவுக்கும் நன்றி. மாப்பிள்ளை வீட்டிலிருந்தே சோதினை எழுதிப் பாஸானவர். போன மாதம் வீட்டுக்கு வந்து, "என்ட பேரப் போட்டே எழுதுங்க சாச்சா. வாப்பாட்டயும் சொல்லிட்டன்" என்றார். போட்டிருக்கிறேன்.

ஹாஜியார், ராத்தா மாற்றம் கேட்கவில்லை. உங்கள் பெட்டிசம் அவரை அனுப்பியது. அதில் என் ஒப்பமும் இருந்தது. நான் வாசிக்காமல் வைத்தேன். அச்சடித்து, ஊர் முழுக்க அறியச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் கலையுமுன் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பதில் சொல்லுங்கள். மகளின் கலியாணக் கடிதத்தில் வைத்த அந்த இரண்டு ஒப்பத்தையும் வாசித்துவிட்டு வைத்தீர்களா, வாசிக்காமல் வைத்தீர்களா? வாசித்துத்தான் வைத்தீர்கள் என்றால் ராத்தா செய்த குற்றம் என்ன? வாசிக்கவில்லை என்றால், மூன்று வருடம் அந்தப் பொத்துவில் பஸ்ஸில் போயிருக்க வேண்டியவர் யார்?