எட்டுப் பாகத்துக்குள் மேலே வருவது

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து புறப்பட்டேன். வாகைகுளம் விமான நிலையம் பதினேழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு ஐந்நூறு ரூபாய். உண்மையில் போக வேண்டியவன் என் தம்பி சவரி. சங்கு குளித்துக் குளித்து அவனுக்குக் காது இரண்டும் கெட்டுப்போயிற்று. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மகள் செலின் இங்கிலாந்தில் காமன்வெல்த் போட்டியில் நீந்துகிறாள். வீட்டு ஆள் ஒருத்தராவது பார்க்க வேண்டாமா? அத்தைக்காரி நான் கிளம்பினேன்.

"அக்கா, அவ ஜெயிக்கிறத அப்புறம் பாரு. எங்கன மேல வாரான்னு பாரு," என்றான் தம்பி.

அவன் கவலை எனக்குத் தெரியும். செலின் நீந்துவது பட்டாம்பூச்சி நீச்சல். குதித்தபின் தண்ணீருக்குள்ளேயே பதினைந்து மீட்டர் போகலாம். அதற்குள் தலை வெளியே தெரிந்துவிட வேண்டும். எங்கள் கணக்கில் அது எட்டுப் பாகம். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். எட்டுப் பாகம் கீழே போய்ச் சங்கு எடுப்பதுதான் எங்கள் வீட்டுப் பெருமை. சீக்கிரம் மேலே வந்தவனைப் பார்த்து, "ஏலே, வெயில் காயவா வந்த?" என்று வள்ளத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். போன வருஷம் பெங்களூரில் செலின்தான் முதலில் வந்தாள். ஆனால் அந்தப் பதினைந்து மீட்டர் கோட்டைத் தாண்டித் தலையைத் தூக்கினாள் என்று பட்டியலில் பெயரை அடித்துவிட்டார்கள். இங்கேயும் அப்படி ஆனால் இன்னும் நாலு வருஷம் காத்திருக்க வேண்டும்.

வியாழன் காலை லண்டன். அங்கிருந்து பர்மிங்ஹாமுக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம். வழியெல்லாம் பச்சை; ஒரு பனை கிடையாது. பேருந்து நிலையத்தில் டாக்சி ஓட்டி வந்தவர் தமிழர்.

"எவடம் அம்மா நீங்கள்?"

"தூத்துக்குடி."

"நான் மன்னார். உங்கட ஆக்கள் எங்கட மீனை அள்ளுறாங்களெண்டு எங்கட அப்பா இண்டைக்கும் ஏசுவார்."

"மீனு பாஸ்போர்ட் வாங்கிட்டா இங்கிட்டும் அங்கிட்டும் போவுது? உங்க அப்பாட்ட கேட்டுச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். மீட்டரில் பதினெட்டுப் பவுண்டு. பதினைந்து போதும் என்றார். நான் பதினெட்டையும் கொடுத்துத்தான் இறங்கினேன்.

வெள்ளி மாலை, வீரர்கள் தங்கும் இடத்து வாசலில் செலினைப் பார்க்க அரை மணி நேரம் கிடைத்தது. நகத்தையெல்லாம் கடித்து வைத்திருந்தாள்.

"சாப்பிடுதியா?"

"சாப்பிடுதேன் அத்தை." மீதி நகத்தையும் கடித்தாள். "பத்து உதை உதைச்சதும் மேல வரணும்னு கோச் சொல்லுதாரு. உள்ள போயிட்டா எனக்கு மேல வரவே மனசு வரல. சின்னப் பிள்ளையில நான் தலையைத் தூக்குனா நீங்கதான கரையில நின்னு கேப்பீங்க, வெயில் காயவா வந்தன்னு."

கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, நூறு தடவை. ஊரே சிரிக்கக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் இவளோடு பெங்களூர் வரைக்கும் போயிருக்கிறது என்பது அந்த வாசலில்தான் எனக்கு விளங்கியது.

"ஏளா, நான் சொன்னது கடலுக்கு," என்றேன். "இது தொட்டி. நாளைக்கு நீ வெயில் காயத்தான் போற. வெரசா மேல வந்து காயி."

"கூரை போட்டிருக்காங்க அத்தை."

"அப்பம் லைட்டுல காயி."

அப்போதுதான் சிரித்தாள்.

சனி காலை பத்தரை மணி. ஸ்மெத்விக் என்ற இடத்தில் நீச்சல் குளம். ஊருக்குள்ளிருந்து ஆறு கிலோமீட்டர். தண்ணீரின் அடி வரைக்கும் தெரிகிறது. நீச்சல் பாதைகளைப் பிரிக்கும் கயிற்றில் பதினைந்தாவது மீட்டரில் மட்டும் மிதவைக்கு வேறு நிறம். நான் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பதினாறு பேருக்குத்தான் சாயங்காலம் மறுபடி நீந்த இடம்.

செலினுக்கு இரண்டாவது பாதை. குதித்தார்கள். வள்ளத்திலிருந்து ஒருத்தர் முங்கினால் மேலே இருக்கிறவர்களும் மூச்சைப் பிடிப்போம். நமக்கு முட்டும்போது அவருக்கும் முட்டும் என்று கணக்கு. பக்கத்தில் எல்லாரும் கத்த, நான் வாயை மூடி மூச்சைப் பிடித்திருந்தேன். ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது. ஏழு தலை. எட்டாவது இல்லை. இவள் நிழல் மட்டும் மிதவையை நோக்கிப் போகிறது. எனக்கு முட்டியது. மிதவைக்கு ஒரு முழம் இருக்கையில் செலினின் தலை தெரிந்தது.

திரும்பி வரும்போதும் அதே கோடு, அதே விதி. இந்தத் தடவை இரண்டு முழம் முன்னாலேயே வந்துவிட்டாள். நாலாவதாகச் சுவரைத் தொட்டாள். பலகையில் எழுத்தெல்லாம் ஓடியது. எண் மட்டும் எனக்குப் போதும். குழு குழுவாக நீந்திய எல்லாரையும் சேர்த்து, மொத்தத்தில் பதினாலாவது.

தம்பிக்குப் போன் போட்டேன். வாசலில் பேசியதை முந்தின நாளே அவனிடம் சொல்லியிருந்தேன். காது கேட்காதவனுக்குக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"வெயில் காஞ்சாளா?" என்று கேட்டான்.

"நல்லாக் காஞ்சா."

சாயங்காலம் பதினாறு பேரில் பதினோராவதாக வந்தாள். கடைசிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். ஆனாலும் இதுவரை நீந்தியதில் அதுதான் அவளுக்கு அதிக வேகம். பெயரை யாரும் அடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊர் திரும்பினேன். பையை வைத்துவிட்டுக் கரைக்குப் போனால், தம்பி இரண்டு வள்ளத்துக்கு நடுவே கயிறு கட்டிக் கையை விரித்து விரித்து அளந்துகொண்டிருந்தான். எட்டாவது பாகத்தில் சிவப்புத் துணி ஒன்றை முடிந்தான். அந்த ஊரில் கோடு போட்டுக் குளம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் கடலில் இதுவரை கோடு கிடையாது. செலின் அடுத்த மாதம் லீவுக்கு வருகிறாள். அவள் முங்கும்போது கரையில் நின்று நான் பழையபடி சத்தம் போடுவேன், சொல்லைத்தான் மாற்றி வைத்திருக்கிறேன்: ஏளா, இங்கன வெயில் நல்லா அடிக்கி, மேல வா.