நீர்மூழ்கிக்குப் போட்ட ரப்பர்

வங்கதேசப் போரில் நானும் பங்கெடுத்தேன். குப்புறப் படுத்துப் பங்கெடுத்தேன். விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பல் பட்டறையில் ஃபிட்டர் வேலை. எதிரியின் காதில் சத்தம் விழக்கூடாது என்று, நீர்மூழ்கிக் கப்பலின் ஒவ்வொரு பம்புக்கடியிலும் தடித்த ரப்பர் வைத்தோம். குழாய்களுக்கும் சுற்றினோம். வேலை முடிந்ததும் கப்பல் கடலுக்குப் போனது. நான் டீ குடிக்கப் போனேன். தண்ணீருக்கடியில் ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை. இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

போர் முடிந்து வந்து, எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில் ஒரு வாடகை வீட்டு முன்னறையில் மச்சானோடு சேர்ந்து பழைய நிட்டிங் மிஷின் ஒன்று போட்டேன். பனியன் துணி ஓட்டினோம். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர். நூல் மில்லில் ராத்திரி ஷிஃப்ட், தூக்கமெல்லாம் பகலில்தான். ஒரு மாதம் பொறுத்தவர், ஒரு திங்கட்கிழமை சிவந்த கண்ணோடு வந்து நின்றார்.

“ஏனுங்க, மிஷின் என் தலைமாட்டுல ஓடறாப்புல இருக்குதுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள சத்தம் நிக்கோணும். இல்லீன்னா ஊட்டக் காலி பண்ணிக்குங்க.”

வேறு வீடு கிடைக்கலாம். அங்கே மோட்டாருக்குப் புதிதாகக் கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்காது. தொழிலே போய்விடும்.

“நீர்மூழ்கியவே ஊமையாக்குனவனுங்க நானு. சத்தத்த நிறுத்தறேன். காலி மட்டும் பண்ண மாட்டேனுங்க” என்றேன்.

லாரி டயரை அறுத்து மிஷின் கால்களுக்கடியில் கொடுத்தேன். சுற்றிலும் பலகை அடித்து, உள்பக்கம் கழிவுப் பஞ்சு திணித்த சாக்குகளை வைத்து ஆணி அடித்தேன். அந்தப் பக்கம் போய்ச் சுவரில் காது வைத்தால், மூச்சுக்கூட இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் துணியை இறக்கினோம். ரோல் முழுக்க நீளமாய் ஒரே கோடு. ஓர் ஊசி ஒடிந்திருந்தது. ஊசி ஒடிந்தால் டிக் டிக்கென்று கேட்கும். எங்கள் ஊரில் மிஷினுக்கு முதுகைக் காட்டிக் கதை பேசிக்கொண்டே காதால்தான் ஓட்டுவார்கள். அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான் நான் அடைத்திருந்தேன்.

“எதிரிக்கும் கேக்கல, நமக்கும் கேக்கலீங்க மாப்ள. பலகையக் கழட்டி வீசுங்க” என்றார் மச்சான்.

“கழட்ட மாட்டனுங்க.”

பட்டறையில் பம்பு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, நீளத் திருப்புளியின் முனையைப் பம்பில் ஊன்றிப் பிடியைக் காதில் அழுத்துவோம். அது ஞாபகம் வந்தது. பலகையில் ஓட்டை போட்டேன். திருப்புளியை மிஷின் சட்டத்தில் படும்படி செருகி, ஸ்டூல் போட்டுக் காதைக் கொடுத்து உட்கார்ந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் காதுக்குள் டிக்கென்றது. “நிறுத்துங்க!” என்று கத்தினேன். நாலு விரல் துணிதான் வீண்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் தூங்கித் தெளிந்த முகத்தோடு வந்தார்.

“மிஷின நிறுத்திப் போட்டீங்க, சந்தோசமுங்க. சாமானெல்லாம் எப்ப எடுக்கறீங்க?”

“பலகையத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். பலகை அதிரவும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“அட, ஓடீட்டு இருக்குதுங்களா!” என்றவர், திருப்புளிப் பிடியில் காதை ஒட்டி உட்கார்ந்திருந்த என்னை உற்றுப் பார்த்தார். “காதுல என்னங்க, சீழா?”

“தொழிலுங்க” என்றேன், காதை எடுக்காமலே. “நீங்க போயித் தூங்குங்க. நாங்க இங்கியேதான் இருப்போம்.”